புறநகர் ரயிலில் சைக்கிளுக்கு இடம் உண்டா?

ஹைதராபாத் சமஸ்தானத்தில் 1932-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 27 பஸ்களுடன் அரசின் சாலைப் போக்குவரத்து துவங்கியபோது அதை நடத்தியது நிஜாம் அரசின் ரயில்வே நிர்வாகமே ஆகும். ரயில் நின்ற இடத்திலிருந்து பயணியை ஊருக்குள் கொண்டு சேர்ப்பதும் ரயில்வேயின் பொறுப்பு என்ற எண்ணம் அந்த ஏற்பாட்டில் அடங்கியிருந்தது. பின்னர் ரயில் மத்திய அரசின் வசமும் பஸ் மாநிலக் கழகத்தின் வசமும் சென்றன. இரண்டையும் மறுபடி இணைக்கும் நோக்குடன், ரயில்வேயும் அன்றைய ஆந்திரப் பிரதேச அரசும் செலவைப் பகிர்ந்துகொண்டு, 2003 ஆகஸ்ட் 9 அன்று புறநகர் மின் ரயில் சேவை ஒன்றைத் துவக்கின. அதற்கு எம்.எம்.டி.எஸ்., அதாவது பல்முறைப் போக்குவரத்து அமைப்பு, என்று பெயரிடப்பட்டது. செகந்திராபாத்தை மையமாகக் கொண்டு மேற்கே லிங்கம்பள்ளிக்கும் தெற்கே ஃபலக்நுமாவுக்கும் இவ்வண்டிகள் ஓடலாயின.

பெயரில் உள்ள ‘பல்முறை’ என்ற சொல்லில் ரயில், பஸ் ஆகியவை அடங்கும். ஆட்டோ ரிக்‌ஷாவும் தானாகவே வந்து சேர்ந்துகொண்டது. சைக்கிள் மட்டும் எந்தத் திட்ட அறிக்கையிலும் தகுந்த இடம் பெறவில்லை. 2017 நவம்பர் 28 அன்று மெட்ரோ ரயில் ஓடத் துவங்கி, 2020 பிப்ரவரி 7-இல் ஜூபிலி பஸ் நிலையம் - மகாத்மா காந்தி பஸ் நிலையம் தடமும் திறக்கப்பட்டு, மூன்று தடங்களில் 57 நிலையங்களும் சுமார் 69 கி.மீ. நீளமும் கொண்ட அமைப்பாக அது வளர்ந்த பின்னரும் இந்நிலை பெரிதும் மாறவில்லை. 2011 மக்கள் தொகைக் கணக்கின்படி 77 லட்சம் மக்களைக் கொண்டிருந்த இந்நகரத் தொகுதியில், சைக்கிளை ரயிலில் ஏற்றிச் செல்ல அனுமதிப்பது தேவைதானா, அதற்கு ஆகும் உண்மையான செலவு என்ன, அதனால் யார் பயனடைவர் என்பவை ஆராயத்தக்கவை.

நிலையத்துக்கு அப்பால்

மத்திய அரசு 2006-இல் வெளியிட்ட தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கை, வாகனங்களின் ஓட்டத்தைவிட மனிதர்களின் பயணமே முக்கியம் என்று கூறியது. நடப்போருக்கும் சைக்கிள் ஓட்டுவோருக்கும் முதலிடம் அளிக்க வேண்டும் என்றும் வலியுறுத்தியது. 2017-ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் கொள்கை இன்னும் ஒரு படி மேலே சென்று, நிலையத்தின் இருபுறமும் 5 கி.மீ. வரையுள்ள பகுதிக்கு இணைப்பு வசதி செய்வதையும் மெட்ரோ திட்டத்தின் அங்கமாகக் கருதியது.

இந்த 5 கி.மீ. தூரத்தை நடந்து கடக்க ஒரு மணி நேரம் பிடிக்கும். மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் நிதானமாகச் செல்லும் சைக்கிளுக்கு 25 நிமிடம் போதும். பத்து நிமிடம் என்ற அளவை எடுத்துக்கொண்டால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். நடப்பவர் பத்து நிமிடத்தில் சுமார் 800 மீட்டர் செல்வார். ஆகவே நடந்து வருவோரை மட்டும் நம்பும் நிலையம் சுற்றிலும் 2 சதுர கி.மீ. பரப்புக்கே பயன்படுகிறது. அதே நேரத்தில் சைக்கிள் 2 கி.மீ. செல்வதால், பரப்பு 12 சதுர கி.மீட்டரைத் தாண்டிவிடும். தெருக்களின் வளைவு நெளிவுகளால் இரண்டும் குறையும் என்றாலும், ஏறக்குறைய ஆறு மடங்கு என்ற விகிதம் பெரிதும் மாறாது. புதிதாக ஒரு மீட்டர் தண்டவாளம் கூடப் போடாமல் ஒரு நிலையத்தின் பயன் இவ்வளவு விரிவடையக்கூடும் என்பது, ஒவ்வொரு கிலோமீட்டர் மேம்பாலத் தடத்துக்கும் கோடிக்கணக்கில் செலவிடும் அரசுகள் எண்ணிப் பார்க்க வேண்டிய விஷயமாகும்.

நிலையத்தில் சைக்கிளை விட்டுச் சென்றால் போதாதா, ரயிலுக்குள் ஏற்றுவானேன் என்ற கேள்வி இயல்பாகவே எழும். இறங்கும் இடத்திலும் பயணம் முடிவதில்லை என்பதே இதற்கு விடை. ஹைதராபாத்தில் இது மிகவும் உண்மை. ஹைடெக் சிட்டி, ராயதுர்கம் நிலையங்களில் இறங்குவோர் பலருக்கு மேலும் இரண்டு மூன்று கிலோமீட்டர் பாக்கியிருக்கிறது. 2023 அக்டோபர் 1 அன்று வெளிவட்டச் சாலையை ஒட்டி, சூரிய மின் தகடுகளே கூரையாக அமைந்த 23 கி.மீ. நீளமுள்ள சைக்கிள் பாதை திறக்கப்பட்டது. 16 மெகாவாட் மின் உற்பத்தித் திறன் கொண்ட இப்பாதையைக் காண வெளிநாட்டவரும் வருகின்றனர். ஆனால் மெட்ரோவின் மேற்கு முனையான ராயதுர்கத்திலிருந்து இப்பாதையின் நானக்ராம்குடா முனைக்குச் செல்லச் சில கிலோமீட்டர் நெரிசலான சாலையைக் கடக்க வேண்டும். நகரின் கிழக்கே உப்பலில் வசிப்பவர் தம் சைக்கிளுடன் அங்கு போக விரும்பினால், அதைக் காரின் பின்புறம் கட்டிக்கொண்டு போவதே எளிது. சைக்கிளுக்காகக் கட்டப்பட்ட பாதையை அடையக் கார் தேவைப்படுவது, திட்டங்கள் தனித்தனியே தீட்டப்படுவதன் விளைவேயாகும்.

நகரின் தரையமைப்பும் இங்குக் கருதத்தக்கது. தக்காணப் பீடபூமியின் பாறை மேடுகள் மேல் அமைந்த ஊர் இது. பஞ்சாரா ஹில்ஸ், ஜூபிலி ஹில்ஸ் என்று பெயரிலேயே குன்றுகளைக் கொண்ட பகுதிகள் உள்ளன. ஏப்ரல், மே மாதங்களில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். பன்னிரண்டு பதினைந்து கிலோமீட்டர் முழுவதையும் சைக்கிளில் கடப்பது இளைஞருக்கும் கடினம். நீண்ட தூரத்தையும் ஏற்றத்தையும் ரயில் ஏற்றுக்கொண்டு, இரு முனைகளிலும் உள்ள குறுந்தூரத்தைச் சைக்கிளுக்கு விட்டால் இச்சிரமம் பெருமளவு நீங்கும். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் செங்குத்தான மேட்டில் ஏறும் பற்சக்கர ரயில் ஒன்று, 1983 முதல் வண்டியின் முன்னால் சைக்கிள்களுக்கென ஒரு சிறு திறந்த பெட்டியைத் தள்ளிச் செல்கிறது. மேலே ஏறும்போது மட்டுமே சைக்கிள்களை ஏற்றுகின்றனர். இறக்கத்தில் சைக்கிளுக்கு உதவி தேவையில்லை அல்லவா!

விதிகள் கூறுவது

இந்திய ரயில்வேயின் சுமை விதிகளின்படி, பயணியர் பெட்டிக்குள் எடுத்துச் செல்லும் பொருள் 100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம் ஆகிய அளவுகளுக்குள் அடங்க வேண்டும். சாதாரண சைக்கிளின் நீளம் மட்டும் சுமார் 180 செ.மீ. ஆகையால் அது பெட்டிக்குள் வர இயலாது. இலவசச் சுமை வரம்பிலும் சைக்கிள், ஸ்கூட்டர் போன்றவை சேர்க்கப்படுவதில்லை. தனியே பதிவு செய்து சுமைப் பெட்டியில்தான் அனுப்ப வேண்டும். நெடுந்தூர ரயிலுக்குப் பொருத்தமான இவ்விதி, ஒரு நிலையத்தில் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ நிற்கும் புறநகர் வண்டியில் சைக்கிளை முற்றிலும் விலக்கிவிடுகிறது.

மெட்ரோவின் நிலை வேறு. ஹைதராபாத் மெட்ரோ திட்டம் முதலில் 2008-ஆம் ஆண்டின் ஆந்திரப் பிரதேச நகராட்சி டிராம் வழிச் சட்டத்தின் கீழ் உருவானது. பின்னரே 2002-ஆம் ஆண்டின் மத்திய மெட்ரோ ரயில் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. பயணி தம் சொந்தப் பொருள்கள் அடங்கிய சிறு சுமையை மட்டும், குறிக்கப்பட்ட அளவுக்கும் எடைக்கும் உட்பட்டு, எடுத்துச் செல்லலாம் என்று மத்திய சட்டம் கூறுகிறது. அந்த அளவை நிர்ணயிக்கும் பொறுப்பு விதிகளிடம் விடப்பட்டுள்ளது. எனவே சட்டத்தையே திருத்த வேண்டிய அவசியமின்றிச் சைக்கிளுக்கு வழிசெய்ய முடியும். பிற இந்திய நகரங்கள் இதை நடைமுறையில் காட்டியுள்ளன.

கொச்சி மெட்ரோ 2020 நவம்பரில் சில நிலையங்களில் மட்டும் சைக்கிளை அனுமதித்து, பின்னர் எல்லா நிலையங்களுக்கும் விரிவுபடுத்தியது. தனிக் கட்டணம் வசூலிக்கப்படவில்லை. நாகபுரி மெட்ரோவும் சைக்கிளை ஏற்றுக்கொண்டது. மும்பையில் 2022 ஏப்ரலில் சேவை துவங்கிய 2ஏ, 7 ஆகிய தடங்களில், பெட்டிகளைத் தயாரிக்கும்போதே சைக்கிள் நிறுத்த இடம் ஒதுக்கப்பட்டது. பெங்களூரு மெட்ரோ இவ்விஷயத்தில் சற்றுக் கட்டுப்பாடாக, மடக்கு சைக்கிளை மட்டும் அனுமதித்துள்ளது. மடக்கு சைக்கிளின் விலை சாதாரண சைக்கிளைப் போல் பல மடங்கு. அதை வாங்கக்கூடியவருக்கு வேறு வாகனமும் வாங்க இயலும். எனவே அந்தச் சலுகையை முழுத் தீர்வாகக் கொள்வதற்கில்லை.

ஒரு சதுர மீட்டரின் விலை

சைக்கிளை அனுமதிப்பதற்கு எதிராகக் கூறப்படும் வாதங்களில் வலுவானது இடநெருக்கடி பற்றியது. 180 செ.மீ. நீளமும், கைப்பிடி அகலமாக 60 செ.மீட்டரும் கொண்ட சைக்கிள், நிறுத்தினால் ஒரு சதுர மீட்டருக்குச் சற்று அதிகமான இடத்தை எடுத்துக்கொள்கிறது. நெரிசல் நேரத்தில் ஒரு சதுர மீட்டரில் ஆறு பேர் நிற்பதாகக் கொண்டே இந்திய நகர ரயில்களின் கொள்ளளவு கணக்கிடப்படுகிறது. ஆகவே காலை ஒன்பது மணிக்கு அமீர்பேட்டையில் ஒரு சைக்கிள் ஏறினால் ஆறு பயணிகள் நடைமேடையில் நின்றுவிட நேரிடும். மூன்று பெட்டிகளே கொண்ட வண்டிகளில் நாள்தோறும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயணம் செய்யும் அமைப்பில், ஒருவரின் சௌகரியத்துக்காக அறுவரைத் தவிக்கவிடுவது நியாயமாகாது. இவ்வளவில் எதிர்ப்பாளர் கூற்று சரியே.

ஆனால் அதே சதுர மீட்டரின் விலை நாள் முழுதும் ஒன்றாக இருப்பதில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கும், இரவு ஒன்பது மணிக்குப் பின்னரும், நெரிசலுக்கு எதிர்த்திசையில் ஓடும் வண்டிகளிலும் அந்த இடம் காலியாகவே போகிறது. வண்டி எப்படியும் ஓடத்தான் போகிறது; மின்சாரமும் ஊழியர் சம்பளமும் செலவாகத்தான் போகின்றன. அப்போது சைக்கிள் ஒன்றை ஏற்றுவதால் நிர்வாகத்துக்கு ஏற்படும் கூடுதல் செலவு ஏறக்குறையப் பூஜ்யம். வரவோ, இல்லாவிட்டால் வந்திராத ஒரு பயணியின் சீட்டுத் தொகை. மின்சாரத்தில் உச்சநேரத் தேவைக்கும் மற்ற நேரத் தேவைக்கும் வெவ்வேறு விலை வைப்பது பொருளாதாரத்தில் வழக்கமான முறை. சைக்கிளுக்கும் அம்முறையே பொருந்தும். இதைச் ‘சைக்கிள் வேண்டுமா, வேண்டாமா’ என்ற வழக்காக நடத்துவதால்தான் விவாதம் நகராமல் நிற்கிறது. எந்த நேரத்தில், எந்தப் பெட்டியில், எத்தனை என்று கேட்டால் விடை கிடைக்கும்.

மேலைநாடுகளின் அனுபவமும் இதையே காட்டுகிறது. சைக்கிளுக்குப் பெயர்போன நெதர்லாந்தில், வார நாள்களின் காலை, மாலை நெரிசல் நேரங்களில் முழு அளவுச் சைக்கிளை ரயிலில் ஏற்றத் தடை உண்டு. மற்ற நேரங்களில் தனிச் சீட்டு வாங்க வேண்டும். பெரும்பான்மையோருக்கு அந்நாடு வேறு வழி செய்தது. உட்ரெக்ட் ரயில் நிலையத்தின் கீழ் 12,500 சைக்கிள்களை நிறுத்தும் கூடம் 2019-இல் நிறைவடைந்தது; இறங்கும் நிலையங்களில் வாடகைச் சைக்கிள் கிடைக்கிறது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் புறநகர் ரயில் நேர்மாறான பாதையில் சென்றது. 2010-இல் சைக்கிள் கட்டணத்தையே நீக்கி, பெட்டிகளில் இருக்கைகளைக் குறைத்து இடம் ஒதுக்கியது. ரயிலேறும் சைக்கிள்களின் எண்ணிக்கை பன்மடங்கு பெருகியது, பயணிகளும் கூடினர். அங்கு ரயில்களில் இடமிருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. ஹைதராபாத்துக்கு நெரிசல் நேரத்தில் நெதர்லாந்தின் வழியும் மற்ற நேரத்தில் டென்மார்க்கின் வழியும் ஏற்றவை எனலாம்.

யாருடைய சைக்கிள்?

இப்பிரச்சினையை விவாதிப்போர் பெரும்பாலும் மனத்தில் கொள்வது, விடுமுறைக் காலையில் தலைக்கவசம் அணிந்து விலையுயர்ந்த சைக்கிளில் உலா செல்லும் நடுத்தர வகுப்பினரை. அவர்களது ஆர்வம் வரவேற்கத்தக்கதே. கோரிக்கையை எழுப்பியவர்களும் பெரும்பாலும் அவர்களே. எனினும் பொதுப் பணத்தில் நடைபெறும் அமைப்பு முதலில் கணக்கில் எடுக்க வேண்டியது, சைக்கிளை விட்டால் வேறு வாகனம் இல்லாதவர்களை. இரவுக் காவலர், கட்டடத் தொழிலாளி, செய்தித்தாள் போடுபவர், வீட்டு வேலைக்குச் செல்வோர், கருவிப் பையுடன் செல்லும் குழாய்ப் பணியாளர், தச்சர் ஆகியோர் இவர்கள். தச்சருக்குச் சைக்கிள் வாகனம் மட்டுமன்று, அது அவரது பட்டறையின் ஒரு பகுதி. நிலைய வாசலில் அதை விட்டுச் சென்று, மாலையில் காணாமற்போனால் பல நாள் கூலி போய்விடும். இந்த அச்சம் காரணமாகவே அவர் பன்னிரண்டு கிலோமீட்டரையும் லாரிகளுக்கிடையே மிதித்துச் செல்கிறார். அல்லது கடன் வாங்கி மோட்டார் சைக்கிள் வாங்குகிறார்.

இத்தகையோரின் பணி நேரம் அலுவலக நேரத்துடன் ஒத்துப்போவதில்லை என்பது கவனிக்கத்தக்கது. செய்தித்தாள் போடுபவர் விடியுமுன் செல்கிறார். மூன்று முறைப் பணியுள்ள தொழிற்சாலைகளில் காலை ஆறு, பிற்பகல் இரண்டு, இரவு பத்து என ஆள் மாறுகிறது. பாலாநகரிலும் ராமச்சந்திராபுரத்திலும் 1960-களில் பொதுத்துறை ஆலைகள் எழுந்ததிலிருந்து இவ்வட்டாரங்களுக்கு முறைப் பணி பழகிப்போன ஒன்று. ஆகவே நெரிசல் நேரத் தடை விதித்தாலும் உழைப்பாளிகளில் கணிசமானோர் அதனால் பாதிக்கப்பட மாட்டார்கள். இது அதிகம் பேசப்படாத ஓர் உண்மை.

பெண்களின் நிலை வேறு கணக்கைக் கோருகிறது. 2023 டிசம்பர் 9 முதல் தெலங்கானா முழுவதும் சாதாரண, எக்ஸ்பிரஸ் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நிலையத்திலிருந்து வீட்டுக்குப் பஸ் இலவசமாக இருக்கும்போது பெண்ணுக்குச் சைக்கிளால் கிட்டும் பணச் சேமிப்பு குறைவு; பஸ் எட்டாத தெருக்களிலும் பஸ் வராத நேரங்களிலுமே சைக்கிள் அவருக்குப் பயன்படும். மாறாக, அதே வீட்டிலுள்ள ஆண் தொழிலாளிக்கு, 2025 மே மாதத்தில் உயர்த்தப்பட்ட மெட்ரோ கட்டணத்துடன் ஆட்டோ வாடகையும் சேர்ந்தால் தினக் கூலியில் பெரும் பங்கு போய்விடுகிறது. எம்.எம்.டி.எஸ். வண்டியின் கட்டணம் இதைவிட மிகக் குறைவு. மெட்ரோ இன்னும் எட்டாத பழைய நகரத்தில் தபீர்புரா, யாகுத்புரா, ஹுப்புகுடா, ஃபலக்நுமா நிலையங்களைத் தொட்டுச் செல்வதும் அதுவே. உண்மையில் சைக்கிளுடன் பயணம் செய்ய வேண்டியவர்கள் வசிக்கும் பகுதிகள் இவை.

மும்பையின் உணவுப் பெட்டி விநியோகிப்போர் இதற்கு மற்றொரு தீர்வைக் கண்டுள்ளனர். டப்பாவாலாக்கள் எனப்படும் இவர்கள் வீடுகளிலிருந்து சைக்கிளில் பெட்டிகளைத் திரட்டி நிலையத்துக்குக் கொண்டுவருகின்றனர்; பெட்டிகள் புறநகர் ரயிலின் சுமைப் பகுதியில் பயணம் செய்கின்றன; மறுமுனையில் வேறு சைக்கிள்கள் காத்திருக்கின்றன. சைக்கிளை ரயிலில் ஏற்றுவதில்லை. இரு முனைகளிலும் சைக்கிள் வைத்துக்கொள்ளும் ஆற்றல் ஒரு கூட்டமைப்புக்கு உண்டு. தனித் தொழிலாளிக்கு இல்லை. ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் ஒவ்வொரு ஊரிலும் இருந்த மணிக்கணக்கு வாடகைச் சைக்கிள் கடை இக்குறையைத் தீர்த்துவந்தது. மட்கார்டில் எண் எழுதிய அச்சைக்கிள்களைப் பெற, கடைக்காரருக்குத் தெரிந்த முகமாக இருந்தால் போதும். இன்று நகரங்களில் அறிமுகமாகும் வாடகைச் சைக்கிள்களுக்குக் கைபேசிச் செயலியும் முன்பணமும் தேவை. பழைய கடை சேவை செய்த அதே மக்களுக்குப் புதிய ஏற்பாடு எட்டாமற் போவது வருந்தத்தக்கது.

செய்யக்கூடியவை

எம்.எம்.டி.எஸ். வண்டிகள் நெடுந்தூர, சரக்கு ரயில்களுடன் தண்டவாளத்தைப் பகிர்ந்துகொள்வதால் அடிக்கடி ஓடுவதில்லை. 2020 மார்ச்சில் கொரோனா தொற்றால் நிறுத்தப்பட்ட சேவை 2021 ஜூனில் மீண்டும் துவங்கியபோது குறைந்த வண்டிகளே ஓடின. 2023 ஏப்ரலில் மேட்சல், உம்தாநகர் வரை சேவை நீட்டிக்கப்பட்டதால் தூரம் கூடியுள்ளது. பல வண்டிகளில் இடம் இருக்கிறது. பயணிகளை ஈர்ப்பதே இப்போதைய தேவை. ஆகவே சோதனையைத் துவக்க வேண்டிய இடம் இதுவே. சென்னைப் புறநகர் மின் ரயில்களில் காய்கறி, பூ, மீன் வியாபாரிகளுக்கென விற்பனையாளர் பெட்டி இருப்பதைத் தமிழ் வாசகர் அறிவர். அதைப் போன்று வண்டியின் கடைசிப் பெட்டியில் ஒரு பகுதியின் இருக்கைகளை அகற்றி, சைக்கிள் சாயாமல் கட்டி வைக்கப் பட்டைகளும் சுவரில் கொக்கிகளும் அமைத்தால் ஏழெட்டுச் சைக்கிள்களுக்கு இடம் கிடைக்கும். அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகர இலகு ரயிலில் சைக்கிளை முன்சக்கரத்தால் செங்குத்தாக மாட்டும் கொக்கிகள் உள்ளன. ஆனால் பால் கேன் தாங்கும் நம்மூர்க் கனமான சைக்கிளைத் தூக்கி மாட்டுவது வயதானவருக்கு இயலாது என்பதால் தரையில் நிறுத்தும் முறையே சிறந்தது.

பெட்டிக்குள் செல்வதைவிடக் கடினமானது பெட்டியை அடைவது. மெட்ரோவில் நடைமேடையும் வண்டியின் தரையும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. ஆனால் நிலையம் சாலைக்கு மேல் இரண்டு தளம் உயரத்தில் உள்ளது. மின்தூக்கியில் சைக்கிள் நுழைந்தால், முதியோரும் ஊனமுற்றோரும் காத்திருக்க நேரிடும். எம்.எம்.டி.எஸ். நிலையங்களில் நடைமேம்பாலப் படிகள், அதன்பின் நடைமேடைக்கும் பெட்டிக்கும் இடையேயுள்ள உயர வேறுபாடு ஆகிய இரண்டும் தடை. படிக்கட்டின் ஓரமாகச் சக்கரத்தை உருட்டிச் செல்லும் ஒரு சாண் அகலக் குழிவான தடம் அமைத்தால் முதல் தடை நீங்கும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. மேம்பாலம் கட்டும்போதே அமைத்தால் செலவே தெரியாது. இரண்டாவது தடையை நீக்க நடைமேடைகளை உயர்த்த வேண்டும். அது சைக்கிளுக்கு மட்டுமன்றிக் குழந்தையைத் தூக்கி வரும் தாய்க்கும் தேவையான வேலை.

நெரிசல் நேரத்தில் சைக்கிளை ஏற்ற முடியாதவருக்கு நிலையத்திலேயே காவலுடன் கூடிய நிறுத்துமிடம் வேண்டும். கார் நிறுத்தும் இடத்தின் அளவில் பத்துச் சைக்கிள்கள் நிற்கும். அங்குக் கொடுக்கும் எண்ணிட்ட சீட்டுக்கு நிர்வாகம் பொறுப்பேற்று, தொலைந்தால் ஈடு தரவும் முன்வந்தால், தச்சரின் அச்சத்தில் பாதி நீங்கிவிடும்.

சோதனை ஆறு மாதம் நடைபெறுவது நல்லது. கோடையும் மழைக்காலமும் அதில் அடங்க வேண்டும். ஃபலக்நுமா - செகந்திராபாத் - லிங்கம்பள்ளி வண்டிகளில் காலை எட்டு முதல் பதினொன்று, மாலை ஐந்து முதல் எட்டு மணி தவிர்த்து மற்ற நேரங்களில் அனுமதி வழங்கலாம். எத்தனை சைக்கிள்கள் ஏறின என்று எண்ணுவதோடு நின்றுவிடாமல், ஏறியவரிடம் ஒரு கேள்வி கட்டாயம் கேட்கப்பட வேண்டும்: இவ்வசதி இல்லாதிருந்தால் இன்று எப்படிச் சென்றிருப்பீர்? ‘இதே ரயிலில், நிலையத்திலிருந்து நடந்து’ என்று பெரும்பாலோர் கூறினால் வசதி கூடியதே தவிர வருமானம் கூடவில்லை என்று பொருள். ‘மோட்டார் சைக்கிளில்’ என்றால் பெட்ரோலும் சாலை நெரிசலும் குறைந்தன. ‘முழுத் தூரமும் சைக்கிளில்’ என்றாலோ, ‘வேலைக்கே போயிருக்க மாட்டேன்’ என்றாலோ, அந்தக் கடைசிப் பெட்டியை நிரந்தரமாக்குவதற்கான காரணத்தைக் கணக்குத் துறை அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.